சீல் எண் 0888

காலிக் கண்டெய்னருக்குள் நின்றால் வெளியில் பெய்கிற மழை மண்டைக்குள் பெய்வதுபோல இருக்கும். தினேஸ்வரி மரச்சுத்தியலால் இடப்பக்கச் சுவரை முழத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே உள்ளே போனாள். எல்லாத் தட்டும் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். எங்காவது சத்தம் அமுங்கினால் சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது பெட்டி போய்ச் சேருகிற நாட்டில்தான் தெரியவரும். முன்சுவர், இடம், வலம், தரை, கூரை, கதவு, அடிப்பாகம் என்று ஏழு இடங்களையும் பார்த்து, பாரத்தில் ஏழு கட்டங்களிலும் குறியிட்டு, கீழே கையெழுத்துப் போட வேண்டும். அவள் கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள். மூன்றாவது தட்டு சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது. மறுபடியும் அந்த இடத்துக்குப் போய்த் தட்டினாள்.

"செவுத்துக்கு வலிக்கப் போவுதுலா, விடு," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெரோனிகா நின்றிருந்தாள். "இப்படியே தட்டிக்கிட்டு இருந்தன்னா ஒரு நாளு உன்னைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோயி விடணும்."

"கிட்டத்தானக்கா இருக்கு. நடந்தே போயிருவேன்."

"போவ மாட்டே. பாதி வழியில, கேட்டைப் பூட்டினோமான்னு திரும்பி வந்துருவே."

தினேஸ்வரி சிரித்துக்கொண்டே வெளியில் குதித்தாள். அக்கா சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வீட்டுக் கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் அவள் வேலைக்குக் கிளம்பியதில்லை. இருபத்து நான்கு வயதில் இது ஒரு நோயா, நல்ல பழக்கமா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் ஏற்றுமதிப் பிரிவில் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது இந்தக் குணத்தால்தான்.

ஈப்போவிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில், ஒரு காலத்தில் ரப்பர் காடாக இருந்த நிலத்தில், அந்தக் கையுறைத் தொழிற்சாலை இருந்தது. இப்போது அங்கே ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. பால் எங்கிருந்தோ டாங்கி லோரியில் வந்தது. வெரோனிகா அங்கே ஒன்பது வருடம் பேக்கிங் வரிசையில் நின்றபடி கையுறைகளை நூறு நூறாக அடுக்கியவள். முழங்கால் தேய்ந்த பிறகு, மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்டோரில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். சக்கரம் வைத்த, முதுகு சாயும் நாற்காலி. அதன்மேல் அவள் பூப்போட்ட துணி ஒன்றை விரித்து வைத்திருந்தாள். அட்டைப்பெட்டி, ஒட்டுத்தாள், கயிறு இவற்றோடு கண்டெய்னர் சீல்களும் அவள் பொறுப்பில் இருந்தன.

சீல் என்பது விரல் நீளத்தில் ஓர் இரும்பு ஆணி. அதைக் கவ்விக்கொள்ள ஒரு குப்பி. சரக்கேற்றிக் கதவைச் சாத்தி, கொண்டியில் ஆணியைச் செருகிக் குப்பியை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு பெரிய கத்தரி கொண்டு வெட்டினால்தான் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் எண். அந்த எண்தான் பெட்டியோடு கிள்ளான் துறைமுகத்துக்குப் போய், கப்பலேறி, அமெரிக்காவில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக் கிடங்கின் வாசலில் படிக்கப்படும். வழியில் யாரும் திறக்கவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

இந்த வருடம் தொழிற்சாலை சுங்கத் துறையின் நம்பிக்கைப் பட்டியலில் சேர விண்ணப்பித்திருந்தது. சேர்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. எங்கள் பெட்டியை நாங்கள் இப்படி இப்படிக் காவல் காக்கிறோம் என்று கம்பெனி தானே முன்வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். நம்பிக்கை வந்தால் துறைமுகத்தில் அந்தக் கம்பெனியின் பெட்டிகளை அடிக்கடி நிறுத்தித் திறக்க மாட்டார்கள். போன வருடம் ஒரு கண்டெய்னர் ஒன்பது நாள் கிள்ளானில் காத்துக் கிடந்து, வாங்குகிறவன் கோபித்துக்கொண்டு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பியதிலிருந்து மேலாளர் ரோய்ஸ்டனுக்கு இதே நினைப்பு.

"யாரும் நம்மள வான்னு கூப்புடல. நாமளா போறோம்," என்று கூட்டத்தில் அவர் சொன்னார். "நாமளா போறதுனாலதான் இதுக்கு மதிப்பு. புரியுதுலா?"

சுயமதிப்பீட்டுப் பாரத்தை நிரப்பும் வேலையைத் தினேஸ்வரியிடம் கொடுத்தார்கள். செவ்வாயும் வியாழனும் ஈப்போவில் சரக்குப் போக்குவரத்து டிப்ளோமா மாலை வகுப்புக்கு அவள் போகிறாள் என்பது ஒரு காரணம். வகுப்புக்கு அவளைத் தன் மோட்டாரில் ஏற்றிப்போய் இறக்கிவிடுவது வெரோனிகாதான். அவள் வீடு பூந்தோங்கில். வழியில்தானே என்று சொல்லிக்கொள்வாள். உண்மையில் அது அவ்வளவு வழியில் இல்லை. தினேஸ்வரிக்கென்று ஒரு பழைய சிவப்புத் தலைக்கவசத்தை மோட்டாரின் கொக்கியில் நிரந்தரமாக மாட்டி வைத்திருந்தாள்.

பாரத்தில் எழுபது கேள்விகள் இருந்தன. முப்பத்தெட்டாவது கேள்வி: கடந்த பன்னிரண்டு மாதங்களில் சீல்களின் பாதுகாப்பில் அல்லது பதிவில் ஏதாவது குளறுபடி நடந்ததா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்றால் விவரம் எழுத ஐந்து கோடு.

இல்லை என்று குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். தினேஸ்வரி இருநூற்றுப் பன்னிரண்டு கண்டெய்னர்களின் பாரங்களையும் அலமாரியிலிருந்து இறக்கி, வாசல் காவலாளியான ஜாகா எழுதிவைக்கும் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். இரண்டு நாள் ஆயிற்று. இருநூற்றுப் பத்து சரியாக இருந்தன. இரண்டு இடித்தன. மார்ச் பதினான்காம் தேதி சாயங்காலம் டிரைவர் சீனி ஓட்டிப்போன பெட்டிக்கு அவள் பாரத்தில் 0888; ஜாகா புத்தகத்தில் 0889. மறுநாள் காலை ஆ சோங் ஓட்டிப்போன பெட்டிக்கு அவளிடம் 0889; ஜாகாவிடம் 0888.

முதலில் அவளுக்குத் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. தேடிப் பார்த்ததில் அது வீணாகவும் இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் அன்றைய பாரங்களை வரிசையாக அடுக்கி, சீல் எண்களையும் வரிசையாக முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவது அவள் வழக்கம். சீல்கள் வரிசைப்படிதானே பெட்டியிலிருந்து வரும்? மழையில் நின்று எழுதினால் மை கலைகிறது, எழுத்துக் கோணுகிறது. முன்னாலேயே எழுதினால் தாள் சுத்தமாக இருக்கும். மறுநாள் முதல் பெட்டிக்குரியதைக்கூட முந்தின சாயங்காலமே எழுதி வைத்த நாட்கள் உண்டு. அந்தச் சுத்தத்தைப் பற்றி அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கப்பல் காகிதங்களில் பிழை இல்லை. டிரைவர்கள் சீலைப் படம் பிடித்து ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே உண்மையான எண்தான் ஏறும். பிழை அவளுடைய அழகான தாள்களில் மட்டும் இருந்தது. எட்டு மாதமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது அதனால்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். வெரோனிகா நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தாள்களைப் பார்த்ததும் சம்பல் ஒட்டிய விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு.

"அட, கொசோங் எட்டு எட்டு எட்டு! அதை மறப்பேனா? சீனிக்குத்தான் முதல்ல வந்துச்சு. பார்த்தவொடனே ரெண்டு எட்டு பின்னால போயிட்டான். 'அக்கா, ஒரு எட்டுன்னாலே சனி. மூணு சனியைக் கட்டிக்கிட்டு நான் சுங்காய் ஊரைத் தாண்டுவேனாக்கா? எனக்குப் புள்ளகுட்டி இருக்குக்கா'ங்கிறான். சரி போடா கோழைன்னு அடுத்ததை எடுத்துக் குடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஆ சோங் வந்தான். சீனனுக்கு எட்டுன்னா உயிரு, தெரியும்லா. மறுநாளு அவனுக்குப் புது லோரியில முதல் ஓட்டம். என் கையைப் புடிச்சிக்கிட்டு விட மாட்டேங்கிறான். 'அக்கா, தோலோங் லா, எனக்குக் குடு' அப்படின்னு கெஞ்சுறான்."

"குடுத்துட்டீங்களா? அப்பவேவா?"

"பின்ன? ஒரு ராத்திரிதானே. வீட்டுக்குக் கொண்டு போயி சாமிமேடையில வெச்சு, ஊதுபத்தி கொளுத்தி, ஆரஞ்சுப் பழமெல்லாம் அடுக்கி எனக்குப் படம் அனுப்பினான். இரு, இன்னும் இருக்கும்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தொலைபேசியில் தேடி எடுத்தாள். சிவப்பு மாடம். புகை. நடுவில் ஒரு கிண்ணம் அரிசிமேல் மல்லாந்து கிடந்தது கம்பெனியின் சீல். "நாலு நம்பர் லாட்டரிக் கடையிலயும் அதே நம்பரை எடுத்தான். அடிக்கவே இல்ல." வெரோனிகா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

தினேஸ்வரியும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. சீல் ஒரு ராத்திரி முழுக்கத் தொழிற்சாலைக்கு வெளியில் இருந்திருக்கிறது. பூட்டிய இழுப்பறையை விட்டு ஒரு நிமிடம்கூட வெளியே போகக் கூடாது என்று விதி உள்ள சீல். ஒரு ராத்திரியில் அதைப் போலவே இன்னொன்று செய்யலாம் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதே எண்ணைப் பொறித்து, வழியில் பெட்டியைத் திறந்து எதையாவது உள்ளே வைத்து, பழையதை வெட்டிவிட்டுப் புதியதைப் பூட்டிவிடலாம். ஆ சோங் அப்படிச் செய்கிறவன் இல்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் 'அமோய், சாப்டியா' என்று தெரிந்த தமிழில் கேட்பவன் அவன். ஆனால் ஆ சோங்கை நம்புவது வேறு. ஆ சோங்கின் சட்டைப்பையை நம்பச் சொல்லி முன்பின் தெரியாத ஒரு நாட்டுக்கு எழுதிக் கொடுப்பது வேறு.

"அக்கா, பாரத்துல இதைப் பத்தி ஒரு கேள்வி இருக்கு."

"எதைப் பத்தி?"

"சீல் குளறுபடி. ஆமாவா, இல்லையான்னு."

வெரோனிகா பொட்டலத்தை மூடினாள். "எழுதப் போறியா?"

"தெரியலக்கா."

"யாரும் கேக்கலன்னு ரோய்ஸ்டன் சொன்னான்லா? நாமளா போறோம்னு? அப்ப, யாரும் கேக்காததுக்கு வலியப் போயிச் சொல்றதுக்கு இது என்னா பாவசங்கீர்த்தனமா? சாமியாரு கூட வாரத்துக்கு ஒருக்காத்தான் கூண்டுல உக்காந்திருக்காரு." சொன்னது வேடிக்கையாக இருந்தது, குரலில் வேடிக்கை இல்லை. அவள் கை தன்னையறியாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்ததைத் தினேஸ்வரி பார்த்தாள். "சீல் என் பொறுப்பு. எழுதினா என் பேருதான் வரும். திரும்பவும் லைன்ல நிக்க என் காலு தாங்காது, தினேஸ். லைன்ல நிப்பாட்டினாக்கூடப் பரவால்ல. வெளிய போன்னா?"

தினேஸ்வரி இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டாள்.

ரோய்ஸ்டனிடம் போனாள். அவர் கெட்டவர் இல்லை. வெரோனிகாவும் அவரும் சின்ன வயதில் ஒரே கோயிலில் ஞானோபதேசம் படித்தவர்கள்; இன்றைக்கும் அவர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தாள்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, வெகுநேரம் கண்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருசமா இதுக்கு ஓடுறேன்மா," என்றார். "ரெண்டே ரெண்டு தாளு. புதுசா எழுதிட்டா ஜாகா புக்குக்கும் இதுக்கும் சரியாப் போயிரும். எழுதுன்னு நான் சொல்லல. எழுதாதன்னும் சொல்லல. கீழ 'தயாரித்தவர்'னு உன் பேருதான் இருக்கு."

"சரி, போஸ்."

"அக்காகிட்டப் பேசிட்டியா?"

"பேசிட்டேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கணினியைப் பார்த்தார். அதில் எதுவும் திறந்திருக்கவில்லை.

மறுநாள் மதியம் எல்லாரும் கேன்டீனுக்குப் போன பிறகு, தினேஸ்வரி இரண்டு வெற்றுப் பாரங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தேதி எழுதினாள். லோரி எண், டிரைவர் பெயர், ஏழு கட்டங்களில் ஏழு குறி. சீல் எண் 0889. கையெழுத்து. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே கை, ஒரே பேனா, ஒரே சாய்வு. அதை எடுத்து மார்ச் மாதக் கோப்பில் மற்றத் தாள்களுக்கு நடுவில் செருகிப் பார்த்தாள். எது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கங்களைப் புரட்டிப் புரட்டித் தேட வேண்டியிருந்தது.

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது பயம். பொய்யான தாள் உண்மையான தாளைப் போலவே இருக்கிறது என்றால், உண்மையான தாள்களும் பொய்யான தாளைப் போலத்தான் இருக்கின்றன. இருநூற்றுப் பத்துக் கண்டெய்னர்களுக்குள் மழையிலும் வெயிலிலும் ஏறித் தட்டிய தட்டு ஒவ்வொன்றும் இந்த ஒரு தாளோடு சேர்ந்து சாயம் போய்விட்டதுபோலத் தோன்றியது. வாசலில் நின்று ஒருவர் கேட்டால், எது நிஜமாகத் தட்டியது, எது உட்கார்ந்து எழுதியது என்று அவள் எதைக் காட்டுவாள்?

அதே சமயம் பூப்போட்ட துணி விரித்த அந்த நாற்காலியும் கண்ணுக்குள்ளேயே இருந்தது. தான் சரியானவள் என்று தனக்கே காட்டிக்கொள்வதற்காக இன்னொருத்தியின் முழங்காலை விலையாகக் கொடுக்கப் பார்க்கிறேனா என்று யோசித்தாள். இல்லவே இல்லை என்று அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. கடைசியில் புதுத் தாளைக் கோப்பிலிருந்து உருவி நான்காகக் கிழித்தாள். சுயமதிப்பீட்டுப் பாரத்தை எடுத்து, முப்பத்தெட்டாவது கேள்வியில் 'ஆம்' கட்டத்தில் குறியிட்டாள். ஐந்து கோடு போதவில்லை. தனித் தாளில் எழுதினாள். முதல் வரியில் தன் பிழையை எழுதினாள்: சீல் எண்கள் பூட்டும்போது பார்த்து எழுதப்படாமல், முன்கூட்டியே தினேஸ்வரியால் எழுதி வைக்கப்பட்டன. இரண்டாவதாக, டிரைவர்கள் கேட்டுக்கொண்டதால் இரண்டு சீல்கள் மாற்றிக் கொடுக்கப்பட்டன. மூன்றாவதாக, அவற்றில் ஒன்று ஓர் இரவு தொழிற்சாலைக்கு வெளியில் இருந்தது. கொடுத்தவர் பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றது. 'சீல் பொறுப்பாளர்' என்று எழுதினாள். அந்தத் தொழிற்சாலையில் சீல் பொறுப்பாளர் ஒருத்திதான். பெயரை எழுதாமல் விட்டது கருணையா கோழைத்தனமா என்று தெரியவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் அதை வெரோனிகாவிடம் காட்டினாள். வெரோனிகா நின்றபடியே வாசித்தாள். உதடு அசைந்தது. முடித்ததும் தாளை மடிக்காமல், கசக்காமல், வந்த மாதிரியே திருப்பிக் கொடுத்தாள்.

"ஒண்ணு விட்டுட்டே," என்றாள். "கொண்டியில மாட்டினப்புறம் இழுத்துப் பார்க்காம, முறுக்கிப் பார்க்காம ஒரு லோரியையும் நான் வெளிய விட்டதில்ல. அன்னிக்கும் இழுத்தேன். அதை எழுது."

தினேஸ்வரி அதையும் எழுதினாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு மோட்டார் நிறுத்துமிடத்துக்குப் போனபோது வெரோனிகாவின் மோட்டார் போய்விட்டிருந்தது. தூணில் இருந்த ஆணியில் சிவப்புத் தலைக்கவசம் மட்டும் தொங்கியது. வகுப்புக்கு வாடகைக் காரில் போய்ச் சேர இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் தலைக்கவசத்தை வைத்துக்கொண்டு, பலகையில் எழுதியதை ஒரு வரிகூட விடாமல் பார்த்து எழுதினாள். எதை எழுதினாள் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. வழக்கம்போல அண்ணன் ரூபன் காரில் வந்து வீட்டுக்குக் கூட்டிப் போனான். "என்னா, ஹெல்மெட்டைப் புடிச்சிக்கிட்டு? அக்கா மோட்டாரை வித்துட்டாங்களா?" என்று கேட்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்பது நாட்கள் வெரோனிகா அவளிடம் பேசவில்லை. சண்டை போடவும் இல்லை. அட்டைப்பெட்டிக் கணக்குத் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள். கண்டெய்னருக்குள் தினேஸ்வரி தட்டும்போது வெளியில் குடையோடு நிற்பாள். எத்தனை தடவை தட்டினாலும் ஒன்றும் சொல்ல மாட்டாள். கேலி இல்லாத அந்த அமைதியில் சுத்தியல் சத்தம் பெரிதாகக் கேட்டது. தினேஸ்வரி இப்போது சீல் எண் கட்டத்தை வெறுமையாக விட்டே பாரத்தைக் கொண்டுபோனாள். வெரோனிகா சீலைக் கண்முன் நீட்டுவாள். அவள் தானே பார்த்து எழுதிக்கொள்வாள்.

ஒன்பதாம் நாள் வியாழக்கிழமை சுங்கத் துறையிலிருந்து புவான் சல்மா என்ற பெண் அதிகாரி வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. மழைக்கென்று ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூட்ட அறையில் கொடுத்த பலகாரத்தில் ஒரு கறிப்பப்பை மட்டும் எடுத்துத் தின்றுகொண்டே பாரத்தைப் புரட்டினார். முப்பத்தெட்டாம் கேள்வியில் நின்றார். தனித் தாளை இரண்டு முறை வாசித்தார். மலாயில் பேச்சு நடந்தது.

"இதை எழுதியது யார்?"

"நான்தான், புவான்."

"நீங்கள் எழுதாவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஏன் எழுதினீர்கள்?"

ரோய்ஸ்டன் தன் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். தினேஸ்வரி பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினாள். "கேள்வி இருந்தது, புவான்," என்று மட்டும்தான் வந்தது.

புவான் சல்மா அவளையே பார்த்தார். சிரித்தாரா இல்லையா என்று சொல்ல முடியாத முகம். "சீல் பொறுப்பாளர் எங்கே?"

வெரோனிகா வந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எல்லாவற்றையும் அவளே சொன்னாள், சாமிமேடை உட்பட. தொலைபேசியில் இருந்த படத்தையும் காட்டினாள். புவான் சல்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்; அரிசிக் கிண்ணத்தையும் ஆரஞ்சுப் பழங்களையும் பார்த்தார். பிறகு தன் குறிப்பேட்டில் ஏதோ நீளமாக எழுதினார். எதிரில் இருந்த மூன்று பேருக்கும் அது தலைகீழாகத் தெரிந்தது. ஒருவராலும் வாசிக்க முடியவில்லை.

"ஒரு பெட்டி பூட்டுவதைப் பார்க்க வேண்டும்," என்று எழுந்தார்.

சரக்கேற்றும் மேடையில் மழை விட்டுத் தூறலாகியிருந்தது. நின்றிருந்தது சீனியின் லோரி. அதிகாரி வருவதைப் பார்த்ததும் சீனி சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்துவிட்டு, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். கடைசி அட்டைப்பெட்டி உள்ளே போயிற்று. கதவைச் சாத்தினார்கள். வெரோனிகா இழுப்பறைப் பெட்டியைப் பூட்டுத் திறந்து, வரிசையில் அடுத்த சீலை எடுத்தாள். எடுத்ததும் அவள் கை ஒரு நொடி நின்றது. தினேஸ்வரி வெற்றுக் கட்டத்தில் பேனாவை வைத்துக் காத்திருந்தாள். சீலை நீட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். வெரோனிகா நீட்டவில்லை. கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு வாய்விட்டு வாசித்தாள்.

"ஒண்ணு."

ஒன்பது நாட்களில் அவள் தினேஸ்வரியிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"கொசோங். மூணு." நிறுத்தி மூச்சு விட்டாள். "எட்டு."

"அக்கா..." என்றான் சீனி மெதுவாக. அதிகாரியைப் பார்த்தான். மறுபடியும் வெரோனிகாவைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. தினேஸ்வரியின் பேனா முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு இலக்கமும் தாளில் விழுந்த பிறகுதான் ஆணியைக் கொண்டியில் செருகிக் குப்பியை அழுத்தினாள். டக். பலம் கொண்ட மட்டும் கீழே இழுத்தாள். இடப்பக்கம் முறுக்கினாள், வலப்பக்கம் முறுக்கினாள்.

"நீயும் இழுத்துப் பாரு," என்றாள்.

தினேஸ்வரி இழுத்தாள். இரும்பு ஈரமாக, அக்காவின் கைச்சூடு இன்னும் போகாமல் இருந்தது. அசையவில்லை. ஒரு தடவை இழுத்துவிட்டுக் கையை எடுத்தாள். இரண்டாவது தடவை இழுக்கத் தோன்றியது, இழுக்கவில்லை.

சீனி வண்டியில் ஏறினான். ஏறியவன் கிளப்பாமல் மறுபடியும் கீழே இறங்கினான். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் இருந்த தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து, யாரையும் பார்க்காமல் குனிந்து, முன்சக்கரத்தின் அடியில் வைத்தான். வைத்துவிட்டுச் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். புவான் சல்மாவின் பேனா குறிப்பேட்டுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பார்க்க வேண்டிய ஏழு இடங்களில் எலுமிச்சம்பழம் இல்லை. ரோய்ஸ்டன் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். புவான் சல்மா கையைச் சற்றே உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை.

லோரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. தினேஸ்வரியின் தோளுக்குப் பக்கத்தில், வெரோனிகா நின்ற இடத்திலிருந்து, மூக்கில் அடக்கிய ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறு ஏதாவதா என்று திரும்பிப் பார்க்கத் தினேஸ்வரிக்குத் துணிவு வரவில்லை. நசுங்கிய பழத்தின் பாதி ஈரச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறியது, கீழே போயிற்று, மறுபடியும் மஞ்சளாக மேலே வந்தது. வாசலில் ஜாகா கையில் புத்தகத்தோடு கதவண்டை குனிந்து, எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவது தெரிந்தது.